பேச்சுப் பதிவில் இரைச்சலை நீக்கும் ஜெனரேட்டிவ் ஏஐ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டி எடுப்பவர்கள், பாட்காஸ்ட் செய்பவர்கள், ஊர்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிந்து வைப்பவர்கள், பழைய கேசட்டைக் கணினிக்கு மாற்றுபவர்கள் எல்லோருக்கும் ஒரே தொல்லைதான். பேச்சோடு சேர்ந்து ஃபேனும் ஹார்னும் மிக்ஸியும் பதிவாகிவிடுகின்றன. ஒரே கிளிக்கில் ஸ்டுடியோ தரம் தருவதாகச் சொல்லும் ஏஐ கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. பேச்சுப் பதிவுகளைச் சுத்தம் செய்து தருவது என் வேலை என்பதால், அவற்றைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் இருக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனுக்கும் ஜெனரேட்டிவ் ஏஐ-க்கும் என்ன வித்தியாசம்?

பழைய முறையின் அடிப்படை கழித்தல். ஸ்டீவன் போல் 1979-இல் வெளியிட்ட வழி இதற்கு நல்ல உதாரணம். யாரும் பேசாத ஓரிடத்தில், இரைச்சல் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துகொள்ள வேண்டும். அப்புறம் அந்த அளவைப் பதிவு முழுவதிலிருந்தும் கழித்துவிட வேண்டும். ஆடாசிட்டியில் நாய்ஸ் புரொஃபைல் எடுத்து எஃபெக்ட் போடும்போது நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஒரே சீராக ஓடும் ஃபேன், ஏசி, 50 ஹெர்ட்ஸ் கரன்ட் ரீங்காரம் போன்றவற்றுக்கு இது இன்றைக்கும் நல்ல வழி. கழித்தல் கொஞ்சம் கூடிப்போனால் கிணுகிணுவென்று மணியோசைத் துணுக்குகள் மிஞ்சும். இத்துறையில் அதற்கு மியூசிக்கல் நாய்ஸ் என்று பெயர்.

அடுத்து, உதாரணங்களிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நியூரல் நெட்வொர்க்குகள் வந்தன. ஜான்-மார்க் வாலின் 2017-இல் வெளியிட்ட ஆர்என்நாய்ஸ், ஒலியை 22 பட்டைகளாகப் பிரித்து, எந்தக் கணத்தில் எந்தப் பட்டையை எவ்வளவு தணிப்பது என்று முடிவு செய்கிறது. ஹென்ட்ரிக் ஷ்ரோட்டரும் அவர் குழுவினரும் உருவாக்கிய டீப்ஃபில்டர்நெட் இன்னும் நுட்பமானது. சாதாரண லேப்டாப்பிலேயே பேசப் பேச ஓடும். இவை கெட்டிக்காரக் கருவிகள். ஆனாலும் பதிவில் இருப்பதை வடிகட்டுவதுதான் இவற்றின் வேலை. லாரி ஹார்ன் ஒரு சொல்லை முழுக்க மூடிவிட்டால், ஹார்னைத் தணிக்கும்போது அந்தச் சொல்லும் சேர்ந்தே தணியும்.

ஜெனரேட்டிவ் மாடல் சுத்தமான பேச்சை ஏராளமாகக் கேட்டு, மனிதப் பேச்சு எப்படியெல்லாம் இருக்கும் என்று கற்றுக்கொள்கிறது. உங்கள் பதிவைக் கொடுத்ததும், இந்த இரைச்சலுக்கு அடியில் என்ன பேச்சு இருந்திருக்கக்கூடும் என்று கணித்து, அந்தப் பேச்சைப் புதிதாக உருவாக்கித் தருகிறது. மை கலைந்துபோன கடிதத்தைப் பார்த்து, நல்ல கையெழுத்துக்காரர் ஒருவர் புதுத் தாளில் எழுதிக் கொடுப்பதைப் போன்றது இது. படிக்க அழகாக இருக்கும். மை கலைந்த இடத்தில் அவர் எழுதிய சொல் யாருடைய சொல் என்பதை மட்டும் நாம்தான் விசாரிக்க வேண்டும்.

ஆனால் கேட்டால் அவ்வளவு தெளிவாக இருக்கிறதே, அது எப்படி?

ஒரு சொல் இரண்டு விதமாக இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழையைக் குறைப்பதற்காகவே பயிற்சி பெற்ற சாதாரண மாடல், இரண்டுக்கும் நடுவில் சராசரியாக ஒன்றைத் தரும். சராசரி என்பதால் அது மழுங்கிக் கேட்கும். ஜெனரேட்டிவ் மாடலோ இரண்டில் ஒன்றை எடுத்து, அதை முழுத் தெளிவோடு உச்சரித்துவிடும்.

மழுங்கல் இருந்தவரை, இங்கே சரியாகக் கேட்கவில்லை என்பது நம் காதுக்கே தெரிந்தது. இப்போது அந்த அடையாளம் போய்விடுகிறது. சரியாக மீட்ட சொல்லும் தவறாக ஊகித்த சொல்லும் ஒரே தெளிவில் ஒலிக்கின்றன. இந்தத் தொழில்நுட்பத்தில் எனக்குள்ள பெரிய கவலை இதுதான். நான் தினமும் இதைப் பயன்படுத்துகிறேன், இதன் பலனும் எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கவலையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முதலாவது கேன் (GAN) என்ற முறை. சான்டியாகோ பாஸ்குவலும் அவருடைய சகாக்களும் 2017-இல் வெளியிட்ட சீகன் இதில் முன்னோடி. ஒரு நெட்வொர்க் சுத்தமான பேச்சை உருவாக்கப் பார்க்கும். இன்னொன்று, வந்தது உண்மையான சுத்தப் பேச்சா, உருவாக்கியதா என்று கண்டுபிடிக்கப் பார்க்கும். இந்தப் போட்டியில் முதலாவது கைதேர்ந்துவிடுகிறது.

இரண்டாவது டிஃப்யூஷன். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் சைமன் வெல்கர், ஜூலியஸ் ரிக்டர், டிமோ கெர்க்மான் ஆகியோர் 2022 முதல் வளர்த்துவரும் எஸ்ஜிஎம்எஸ்இ இதில் நன்றாக அறியப்பட்டது. பயிற்சியின்போது சுத்தமான பேச்சைப் படிப்படியாக இரைச்சல் பதிவை நோக்கி நகர்த்தி, கூடவே தற்செயல் இரைச்சலையும் தூவிக்கொண்டே போவார்கள். அந்தப் பாதையில் பின்னோக்கி நடக்க மாடல் கற்றுக்கொள்ளும். நிஜப் பதிவு வந்ததும், அதன் மேல் கொஞ்சம் தற்செயல் இரைச்சலைச் சேர்த்துத் தொடங்கி, ஒவ்வொரு படியாகத் துலக்கிக்கொண்டே வரும். அவர்களுடைய ஆய்வில் 30 படிகள். ஒவ்வொரு படியிலும் நெட்வொர்க்கை இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஜிபியு என்ற வேகமான கணிப்புச் சிப் இல்லாத கணினியில் இது ஆமை வேகத்தில் நகர்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, முழுக்கத் திரும்பப் பேச வைப்பது. கூகுள் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட மீஃபர் இந்த வகை. பதிவிலிருந்து பேச்சின் கூறுகளை மட்டும் பிரித்தெடுத்து, அந்தக் கூறுகளைச் சுத்தமாக்கி, கூறுகளிலிருந்து ஒலியை உருவாக்கும் வோகோடர் மூலம் புதிய அலைவடிவமாக உருவாக்குகிறது. லிப்ரிடிடிஎஸ் என்ற ஆங்கில ஆடியோபுத்தகத் தொகுப்பை இப்படித் துலக்கித்தான் லிப்ரிடிடிஎஸ்-ஆர் என்று வெளியிட்டார்கள். இந்த வகையில் வெளிவரும் ஒலியில், மூலப் பதிவின் அலைவடிவம் துளிகூட இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எந்தக் கருவியை எடுப்பது?

அடோபியின் என்ஹான்ஸ் ஸ்பீச், பிரவுசரிலேயே ஓடும். பழக்கமில்லாதவர்களுக்கு எளிது, ஆனால் உங்கள் பதிவு அவர்களுடைய சர்வருக்குப் போகும். சொந்தக் கணினியில் ஓட்ட வேண்டுமானால் 2023 டிசம்பரில் வெளியான ரிசெம்பிள் என்ஹான்ஸ் இருக்கிறது. மூலநிரல் திறந்திருக்கிறது, இரைச்சலை மட்டும் குறைக்கும் பகுதி தனி, குரலைப் புதுப்பிக்கும் பகுதி தனி. எனக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. பல நேரம் முதல் பகுதியே போதும்.

என் வழக்கம் இது: முதலில் டீப்ஃபில்டர்நெட்டில் ஓட்டிப் பார்ப்பேன். அதிலேயே கேட்கும்படி வந்துவிட்டால் அதோடு நிறுத்திவிடுவேன். ஜெனரேட்டிவ் மாடலை, வடிகட்டினால் மட்டும் தீராத பதிவுகளுக்கு வைத்துக்கொள்கிறேன். பெரிய ஹாலில் எதிரொலி நிறைந்தது, மைக் உள்வாங்க முடியாமல் குரல் பிசிறிப் பதிவானது, ஃபோனில் பதிந்து மேல் அதிர்வெண்களே இல்லாதது போன்றவை. பேசுபவர் நோயாளியோ, வழக்கில் சம்பந்தப்பட்டவரோ, பெயர் வெளியே வரக் கூடாதவரோ என்றால் ஆன்லைன் சேவையில் ஏற்றாதீர்கள்.

பேசாத சொல்லை மாடல் சேர்த்துவிடுமா?

சேர்க்கும். இரைச்சல் மிகுந்த இடங்களில் டிஃப்யூஷன் மாடல்கள் ஒலியன்களை, அதாவது சொல்லின் பொருளைப் பிரித்துக்காட்டும் ஒலிகளை, மாற்றிவிடுவதும், யாரும் பேசாத இடத்தில் பேச்சு மாதிரி முனகுவதும், மூச்சுவிடும் ஒலியை உண்டாக்குவதும் ஆய்வாளர்களே எழுதியிருக்கும் குறைகள். ஹாம்பர்க் குழுவே இதைக் குறைப்பதற்காக ஸ்டார்ம் என்ற இன்னொரு முறையைக் கொண்டுவந்தது. அதில் சாதாரண மாடல் ஒன்று முதலில் ஒரு மதிப்பீட்டைத் தரும். அதை வைத்துக்கொண்டு டிஃப்யூஷன் தொடரும். குறைந்தது, ஆனால் ஒழியவில்லை.

நடைமுறையில் நான் பார்ப்பது, முழு வாக்கியம் மாறுவதைவிடச் சின்ன மாற்றங்கள்தான். விகுதி மாறும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் ஒருவருடைய சொல்லின் தலையும் இன்னொருவருடைய சொல்லின் வாலும் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து அறை டிவியில் பேசியவர் திடீரென்று துல்லியமாகக் கேட்பார், ஏனென்றால் மாடலுக்கு அதுவும் மனிதப் பேச்சுதான். இருமல், அழுகை, தயக்கத்தில் இழுக்கும் ‘ம்ம்’ எல்லாம் காணாமல் போகும். ஒரு பேட்டியில் அந்தத் தயக்கம்தான் சில நேரம் முழுப் பதிலும்.

இவையெல்லாம் ஆங்கிலத்துக்குச் செய்தவை. தமிழுக்குச் சரிவருமா?

பெரும்பாலும் வரும், சில இடங்களில் வராது. அந்தச் சில இடங்கள் எவை என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

இத்துறையில் பலரும் பயிற்சிக்கும் ஒப்பீட்டுக்கும் எடுக்கும் தொகுப்பு வாய்ஸ்பேங்க்-டிமாண்ட். அதில் உள்ள பேச்சு முழுவதும் ஆங்கிலம். தமிழில் பேச்சறிதலுக்கான தரவு இப்போது ஓரளவு சேர்ந்திருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழுவும் காமன் வாய்ஸ் திட்டமும் செய்த வேலை பெரியது. ஆனால் அவை பெரும்பாலும் வீட்டிலும் தெருவிலும் ஃபோனில் பதிந்தவை, இரைச்சலோடு இருப்பவை. சுத்தமான பேச்சு எப்படி இருக்கும் என்று மாடலுக்குக் கற்றுக்கொடுக்க ஸ்டுடியோப் பதிவு வேண்டும். ஐஐடி மெட்ராஸின் இண்டிக் டிடிஎஸ் தொகுப்பு போன்றவை இருக்கின்றன, ஆனால் அவை எழுதியதை வாசித்த குரல்கள். நம் வீட்டுப் பேச்சு அப்படி இருப்பதில்லை.

பேச்சுத் தமிழில் ‘வந்தான்’ என்று சொல்லும்போது கடைசி ன் பெரும்பாலும் முழுதாக ஒலிப்பதில்லை. அதற்கு முந்தைய உயிர் மூக்கொலியாகிவிடுகிறது. ‘வந்தாள்’ என்பதில் ள் விழுந்து ‘வந்தா’ ஆகிவிடுகிறது. ஆக, வந்தது அவனா அவளா என்பதைச் சொல்வது அந்தக் கடைசி உயிரில் இருக்கும் மெல்லிய மூக்கொலி ஒன்றுதான். இரைச்சலில் முதலில் அடிபடுவது இப்படிப்பட்ட மெல்லிய குறிப்புகள். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் பொருள் உயிரின் மூக்கொலியை மட்டும் நம்பி நிற்பதில்லை. அந்தப் பேச்சை மட்டுமே கேட்டு வளர்ந்த மாடல் அதைப் பத்திரமாகக் காப்பாற்றும் என்று நம்புவதற்குக் காரணம் இல்லை.

அடுத்தது ல, ள, ழ. நாக்கை மடித்து ஒலிக்கும் எழுத்துகளுக்கு மூன்றாவது ஃபார்மன்ட் எனப்படும் ஒத்ததிர்வு கீழே இறங்கும். காது அவற்றைப் பிரித்தறிய அது ஒரு முக்கியத் துப்பு. அந்தப் பட்டையில் இரைச்சல் படிந்துவிட்டால் வலியும் வழியும், மனமும் மணமும் நெருங்கிவிடுகின்றன. எதிரொலி இன்னொரு விதமாகக் கெடுக்கும். ‘பத்து’, ‘பட்டு’ போன்ற சொற்களில் ஒற்றின் இடத்தில் ஒரு கண நேர அமைதி இருக்கிறது. ஹாலின் எதிரொலி அந்த இடைவெளியை நிரப்பிவிடும். குறில் எங்கே முடிகிறது, நெடில் எங்கே முடிகிறது என்பதும் குழம்பும்.

வட்டார வழக்கைப் பதிபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ‘காற்று’ என்பதில் ற்ற தனக்கே உரிய ஒலியோடு நிற்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் பெரும்பாலும் ‘காத்து’ ஆகிவிட்டது. இந்த மாதிரி வேறுபாடுகளைப் பிடிக்கத்தான் நீங்கள் களத்துக்கே போகிறீர்கள். தான் அதிகம் கேட்ட உச்சரிப்பின் பக்கம் சாய்வது மாடலின் இயல்பு. ஆய்வுக்கான பதிவில் ஜெனரேட்டிவ் கருவி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

மாடல் எங்கே ஊகித்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

என்னிடம் வரும் கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. டிஃப்யூஷன் வகை மாடல் தற்செயல் இரைச்சலிலிருந்து தொடங்குகிறது என்று மேலே சொன்னேன். அந்தத் தொடக்கத்தைத் தீர்மானிப்பது சீட் என்ற எண். அதை மாற்றினால், ஒரே பதிவிலிருந்து ஒவ்வொரு முறையும் சற்றே வேறான விடை வரும். இதைக் குறையாக நினைக்காமல் கருவியாக மாற்றிக்கொள்ளலாம். வெவ்வேறு சீட் எண்களோடு மூன்று நான்கு முறை ஓட்டி, எல்லாவற்றையும் எடிட்டரில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு வாக்கியமாக மாற்றி மாற்றிக் கேளுங்கள். பதிவில் உண்மையாகவே ஆதாரம் இருக்கும் இடங்களில் எல்லா விடையும் ஒத்துப்போகும். ஆதாரம் இல்லாத இடத்தில் ஒன்றில் ‘போனான்’, இன்னொன்றில் ‘போறான்’ என்று பிரியும். பிரியும் இடத்தில் மாடல் ஊகிக்கிறது என்று பொருள். அங்கே எடிட்டரில் ஒரு குறியீடு போட்டு வையுங்கள்.

எல்லா விடையும் ஒத்துப்போனால் கட்டாயம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சியில் வந்த ஒருதலைச் சாய்வு எல்லா முறையும் ஒரே பக்கம் இழுக்கலாம். சீட்டை மாற்ற விடாத கருவிகளும் உண்டு. அப்போது இரண்டு வேறு கருவிகளில் ஓட்டி ஒப்பிடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதைப் பலரும் செய்வதில்லை. சுத்தமான விடையை ஒருமுறை கேட்டுவிட்டால், திரும்ப மூலப் பதிவைக் கேட்கும்போது நம் காதுக்கு அதே சொல்தான் கேட்கும். என்ன கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மூளை அதையே கேட்டுவிடுகிறது. அதனால் சந்தேகமான இடத்தை, விடையைக் கேட்காத ஒருவரிடம் மூலப் பதிவாகவே கொடுத்து, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். பேசியவரின் ஊர்க்காரராக இருந்தால் இன்னும் நல்லது. அவருக்கும் கேட்கவில்லை என்றால், எழுத்துப் படியில் ‘கேட்கவில்லை’ என்றே போடுங்கள்.

வடிகட்டும் கருவிகளுக்கு உதவும் ஒரு பழைய சோதனை உண்டு: மூலத்திலிருந்து சுத்தமான பதிவைக் கழித்து, மிச்சத்தைக் கேட்பது. மிச்சத்தில் குரல் கேட்டால் கருவி குரலையும் தின்றிருக்கிறது என்று தெரியும். அலைவடிவத்தைப் புதிதாக உருவாக்கும் மாடல்களுக்கு இந்தச் சோதனை உதவாது. இரண்டு அலைகளும் ஒன்றோடொன்று பொருந்தாததால் மிச்சத்தில் எப்போதும் குரல் இருக்கும்.

பெஸ்க் மதிப்பெண் அதிகம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

பெஸ்க் என்பது 2001-இல் வந்த தரநிலை. ஃபோன் வழியே வரும் பேச்சின் தரத்தைக் கணிக்கச் செய்தது. மூலச் சுத்தப் பதிவோடு ஒப்பிட்டு மதிப்பெண் தரும். ஜெனரேட்டிவ் மாடல்கள் கேட்க இயல்பாக இருந்தும் இதில் சில நேரம் குறைவாகவே வாங்கும், ஏனென்றால் அவை மூலத்தை அப்படியே திருப்பித் தருவதில்லை. மூலமே தேவைப்படாத மதிப்பீடுகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட்டின் டிஎன்எஸ்மாஸ் அப்படிப்பட்டது. அதில் ஜெனரேட்டிவ் மாடல்கள் நல்ல மதிப்பெண் வாங்கும். ஆனால் குரல் எவ்வளவு சுத்தம் என்றுதான் அது பார்க்கிறது. சொல் சரியா என்று பார்ப்பதில்லை. இரண்டில் எதையும் தனியாக நம்ப வேண்டாம்.

சுத்தம் செய்துவிட்டுக் கொடுத்தால் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் நன்றாக வேலை செய்யுமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். விஸ்பர் போன்ற மாடல்கள் இணையத்திலிருந்து திரட்டிய ஏராளமான ஆடியோவில் (விஸ்பரின் முதல் பதிப்புக்கு 6,80,000 மணி நேரம்) பயிற்சி பெற்றவை. இரைச்சல் அவற்றுக்குப் பழக்கம். சுத்தம் செய்யும்போது உண்டாகும் செயற்கைத் தடங்கள்தான் அவற்றுக்குப் புதிது. மூலப் பதிவையும் சுத்தமான பதிவையும் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். பல சமயம் மூலமே மேல். ஜெனரேட்டிவ் மாடல் தவறாக ஊகித்த சொல்லை எழுத்தாக்கும் மென்பொருள் அப்படியே எழுதிவிட்டால், அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

எந்த இரைச்சல் எளிது, எது கஷ்டம்?

ஃபேன், ஏசி, ஜெனரேட்டர் எளிது. மிக்ஸி, குக்கர் விசில், நாய்க் குரைப்பு, ஹார்ன் நடுத்தரம். மழை பேச்சின் பட்டை முழுவதிலும் பரவுவதால் கொஞ்சம் கஷ்டம். மைக்கில் அடிக்கும் காற்று தாழ்ந்த அதிர்வெண்களை முழுக்க மூடிவிடும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கூட்டத்தின் பேச்சு: கல்யாண மண்டபம், டீக்கடை, பேருந்து நிலையம். இரைச்சலும் பேச்சாகவே இருப்பதால் எதை வைத்து எதை நீக்குவது என்று மாடலுக்குத் தெரியாது.

பேச்சோடு பாட்டும் வரும் பதிவுகளுக்கு?

வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம், தாலாட்டு சொல்லிக்கொண்டே பாடிக்காட்டும் பாட்டி, இவற்றை எந்தப் பேச்சு மாடலிலும் முழுதாக ஓட்டாதீர்கள். தம்புராவும் தாளமும் மாடலுக்கு இரைச்சல், அழித்துவிடும். பேச்சுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து ஓட்டுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோவைச் சரிசெய்ய முடியுமா?

கேட்கும்படி செய்யலாம். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் ஓபஸ் முறையில் நன்றாகச் சுருக்கப்படுகிறது. மெல்லிய ஒலிகள் அதிலேயே போய்விடுகின்றன. ஃபோனும் தன் பங்குக்கு இரைச்சலைக் குறைத்திருக்கும். முடிந்தால் பதிவு செய்தவரிடம் மூலக் கோப்பைக் கேளுங்கள், அதை வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமென்ட்’ என்று தெரிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வரும்.

தாத்தா பேசிய பழைய கேசட் இருக்கிறது. என்ன செய்யலாம்?

முதலில், சுத்தம் செய்வதை மறந்துவிட்டு நல்ல டெக்கில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களுக்கான சர்வதேச அமைப்பான ஐஏஎஸ்ஏ, பாதுகாப்புப் படிக்குக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. அந்தப் படியில் எந்த இரைச்சல் நீக்கமும் செய்யக் கூடாது என்பதும் அவர்களுடைய கொள்கை. வேவ் கோப்பாக வைத்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். டேப் நாளுக்கு நாள் கெட்டுக்கொண்டிருக்கிறது, இரைச்சல் நீக்கும் மாடல்களோ வருடா வருடம் மேம்படுகின்றன. இன்றைய மாடலில் ஓட்டிய படியை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை விட்டுவிட்டால், பிறகு வரும் நல்ல மாடலுக்குக் கொடுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அதன் பிறகு குடும்பத்தார் கேட்க ஒரு படி எடுத்து, தாராளமாக ஜெனரேட்டிவ் மாடலில் ஓட்டுங்கள். பேத்திகளும் பேரன்களும் ‘ஸ்ஸ்’ ஒலி இல்லாமல் தாத்தாவைக் கேட்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மிகவும் தேய்ந்த டேப்பில் மேல் அதிர்வெண்களே இருக்காது. மாடல் தரும் அந்தப் பளிச்சிடும் ‘ச’, ‘ஸ’ எல்லாம் அது போட்டவை. சில நேரம் குரலின் வயதே குறைந்துவிடும். தாத்தாவைத் தெரிந்தவர் ஒருவர் கேட்டு, ‘ஆமாம், இது அவர்தான்’ என்று சொன்ன பிறகு பகிருங்கள்.

நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டிய பதிவு இது. கொஞ்சம் சுத்தம் செய்து தருவீர்களா?

செய்து தர மாட்டேன், நீங்களும் செய்யாதீர்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம், மின்னணு ஆதாரத்தோடு கொடுக்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற குறியீட்டையும், கேட்கிறது. கோப்பைத் திறந்து ஒரு எஃபெக்ட் போட்டுச் சேமித்தாலே அந்த மதிப்பு மாறிவிடும். இரைச்சலும் ஆதாரம்தான். மின்சார வலையமைப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நாள் முழுவதும் நுண்ணிய அளவில் ஏறி இறங்கும். அதை வலையமைப்பின் பதிவேடுகளோடு ஒப்பிட்டு, ஒலிப்பதிவு எப்போது எடுக்கப்பட்டது, நடுவில் வெட்டப்பட்டிருக்கிறதா என்று தடயவியலார் ஆராய்வதுண்டு. நீங்கள் நீக்கும் ரீங்காரத்தில் அந்தத் தகவல் இருக்கிறது. மூலக் கோப்பைத் தொடாமல் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

முழுக்கச் சுத்தமானதும் குரல் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருக்கிறது. மூலத்தைக் கொஞ்சம் கலந்துவிடலாமா?

வடிகட்டும் கருவி என்றால் கலக்கலாம், நன்றாகவே இருக்கும். ஜெனரேட்டிவ் மாடலின் விடையோடு மூலத்தைக் கலந்தால் குழாய்க்குள் பேசுகிற ஒலி வரும். இரண்டு அலைகளும் பொருந்தாததுதான் காரணம். அதற்குப் பதில், மூலப் பதிவில் யாரும் பேசாத இடத்திலிருந்து அறையின் ஒலியை மட்டும் வெட்டி எடுத்து, குரலுக்கு அடியில் மெல்லிதாக ஓடவிடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் அரை நிமிடம் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பதிந்துகொள்வது நல்ல பழக்கம்.

லைவ் அழைப்பில் இதைப் போட முடியுமா?

வடிகட்டும் வகை ஏற்கெனவே பெரும்பாலான வீடியோ அழைப்புச் செயலிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. பல படிகளில் ஓடும் டிஃப்யூஷன் அதற்கு மெதுவானது. படிகளைக் குறைக்கும் ஆராய்ச்சி மும்முரமாக நடக்கிறது.

பதிவு செய்யும்போதே எதைக் கவனித்தால் இவ்வளவு பாடு வேண்டாம்?

மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். தூரத்தைப் பாதியாக்கினால் நேராக வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறை இரைச்சல் அப்படியே இருக்கும். எந்த ஏஐ-யும் இவ்வளவு மலிவாக இதைத் தராது. காலர் மைக் ஒன்று, அதன் மேல் ஒரு பஞ்சு உறை, பீரோவும் மெத்தையும் திரைச்சீலையும் இருக்கும் அறை. ஃபேனை நிறுத்துங்கள், வெயில் காலமென்றால் பேட்டியைக் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒலி மிகப் பலமாகும் இடத்திலும் மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். வீடியோ அழைப்பில் பேட்டி என்றால் அந்தச் செயலியின் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு, இரு பக்கமும் தனித்தனியே பதிந்துகொள்ளுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று கருவிகள் சுத்தம் செய்த குரலை மீட்பது மிகவும் சிரமம்.

ஏஐ-யில் சுத்தம் செய்தேன் என்று கேட்பவர்களிடம் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள். பேசியவரிடம் முதலில் சொல்லுங்கள். அது அவருடைய குரல். இறுதிப் பதிவை அவருக்குப் போட்டுக்காட்டி, தான் பேசியது இதுதான் என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு வெளியிடுங்கள். பதிவின் விவரக்குறிப்பில் ஒரு வரி போதும்: எந்தக் கருவி, எந்தப் பதிப்பு, என்ன அமைப்பு, எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை. கோப்பின் பெயரிலும் ‘மூலம்’, ‘சுத்தம்’ என்று சேர்த்துவிடுங்கள். வருடங்கள் கழித்து அந்த ஃபோல்டரைத் திறப்பவருக்கு, எது பேசியவரின் குரல், எது மாடல் உருவாக்கியது என்று தெரிய வேறு வழி இருக்காது.